நிமிர்ந்து எடுத்த படங்கள்

பாடாங் செராய்,
3.3.2025

அன்புத் தம்பி குணாளனுக்கு,

நலமா? போனில் பேசினால் உடனே சமாதானம் சொல்லிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

காட்டுப்பன்றியை விரட்ட உன் கம்பெனி எங்கள் தோட்டத்துக்கு அனுப்பிய ரோபோ நேற்று சாந்தினி அக்காவைச் சுட்டுவிட்டது. செம்பனை மரத்தடியில் குனிந்து உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். முதுகில் மூன்று இரும்புக் குண்டு. திரும்பிப் பார்த்தார், நாலாவது குண்டு கண்ணில். துண்டால் பொத்திப் பிடித்தேன், விரலிடுக்கெல்லாம் இரத்தம். கண் போய்விட்டது. "ஏன் ரூபி, நான் என்ன பன்னி மாதிரியா இருக்கேன்?" என்று ஆஸ்பத்திரியில் சிரித்துக்கொண்டே கேட்டார்.

மெனேஜர் எச்சரிக்கைப் பலகை வைத்ததோடு சரி. பாப்பா தவழ ஆரம்பித்துவிட்டாள், தம்பி. வீட்டுப் பக்கமும் சுற்றி வருகிற அந்த ரோபோவை நிறுத்து.

உன் அக்கா,
ரூபினி

பினாங்கு,
6.3.2025

அன்பு அக்கா,

எனக்குச் சோறு இறங்கவில்லை. தவறு தெரிந்துவிட்டது. மனிதர் யாரென்று அதற்குக் கற்றுக்கொடுக்க உங்கள் ஆட்களைப் படம் எடுத்தோமே, எல்லாரும் கல்யாணத்துக்குப் போவதுபோல் உடுத்தி, நிமிர்ந்து நின்றார்கள். குனிந்த ஆளை அது பார்த்ததே இல்லை.

இங்கிருந்தே ஒரு பட்டனில் நிறுத்தலாம். ஆனால் மேலிடம் சொல்லாமல் நான் கைவைக்க முடியாது. கேட்டிருக்கிறேன். அது சுயமாக முடிவெடுக்கும் இயந்திரம் அக்கா, தானே திருந்தும். அதுவரை பாப்பாவை உள்ளேயே வை.

அன்புடன்,
குணா

பாடாங் செராய்,
10.3.2025

குணாளா,

நேற்றுக் காலை பாப்பா சமையற்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே தவழ்ந்துவிட்டாள். வேலியோரம் நின்ற ரோபோ குழலை அவள் பக்கம் தாழ்த்தியது. பாராங் கத்தியோடு ஓடி நடுவில் நிமிர்ந்து நின்றேன். என்னைக் கண்டதும் குழலை உயர்த்தி அசையாமல் நின்றுவிட்டது.

நான் நிற்கவில்லை. கழுத்தை வெட்டினேன். கண்ணாடிக் கண்ணைக் குத்தி உடைத்தேன். கால்களை ஒவ்வொன்றாக அடித்து முறித்தேன். என் சுண்டுவிரல் பிளந்ததுகூடத் தெரியவில்லை. "போதும்லா ரூபி, அது எப்பவோ செத்துருச்சு!" என்று பக்கத்து வீட்டு மனோகரன் அண்ணன்தான் இழுத்துப் பிடித்தார்.

பன்றியாக இருந்தால் திருப்பிப் பாய்ந்திருக்கும். அது சுடவே இல்லை. கற்றுக்கொடுத்ததை மீற அதற்குத் தெரியாது. சுயமாக முடிவெடுக்கும் என்று எழுதினாயே, அந்தப் பட்டனுக்குப் பக்கத்தில் நீதானே உட்கார்ந்திருந்தாய்?

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். நான்தான் உடைத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் பாப்பாவுக்குக் காதுகுத்து. மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். மனோகரன் அண்ணன் உட்காருகிறேன் என்றிருக்கிறார்.

ரூபினி