பதினொரு சதவீதத்தில் நின்ற பேச்சு

அன்புள்ள வாலுக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். நீ சௌக்கியமாக இருக்கிறாய் என்று நம்பத்தான் ஆசை. ஆனால் போனில் கேட்டால் ஒண்ணுமில்லம்மா என்கிறாய், மறுபடி கேட்டால் நிஜமாவே ஒண்ணுமில்லம்மா என்கிறாய். நிஜமாவே என்று நீ சேர்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன், முடித்ததும் போனில் படம் பிடித்து அனுப்புகிறேன். லேப்டாப்பில் அடித்திருக்கலாம், ஆனால் அப்பா பக்கத்தில் வந்து நின்று எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார். காகிதத்துக்குச் சார்ஜ் கிடையாது என்பதை அவரால் இன்னும் மறுக்க முடியவில்லை.

உன் அப்பாவைக் குற்றம் சொல்லவும் முடியாது. தெருவைத் தோண்டி மின்கம்பி மாற்றுகிறார்கள், கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று தோண்டுகிறவர்களுக்கே தெரியாது. உன் முகம் பார்த்துப் பேச நீ விட்டுப்போன லேப்டாப்பைப் பழுது பார்ப்பவரிடம் காட்டினோம். இந்த மாடலுக்கு இனி புது பேட்டரி வராது, இருக்கிறதைப் பார்த்துப் பார்த்து ஓட்டுங்க, எண்பதைத் தாண்ட விடாதீங்க, இருபதுக்குக் கீழே இறக்காதீங்க, சூடாக விடாதீங்க என்றார் அவர். சொன்னவர் அன்றே மறந்திருப்பார். கேட்டவர் யார் என்று யோசித்துப் பார். குடிநீர் வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும் வரை மேல்நிலைத் தொட்டியின் மட்டம் பார்த்தவர். தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு இறங்கினால் வால்வை மூடுவார், அதிகாரி வீட்டுக் குழாயாக இருந்தாலும் சொந்த மச்சான் வீட்டுக் குழாயாக இருந்தாலும் மூடுவார். அப்படிப்பட்டவர் கையில் ஒரு சதவீதக் கணக்கைக் கொடுத்தால் என்ன ஆகும்? எண்பதானதும் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று குளியலறையிலிருந்து துண்டோடு ஓடி வருகிறார். திரை வெளிச்சத்தை அவர் குறைத்த குறையில் போன மாதம் முழுக்க நீ எனக்குப் பனிமூட்டத்தில் நிற்கிற யாரோ ஒருத்தியாகத்தான் தெரிந்தாய். நீ இளைத்திருக்கிறாயா, இல்லை வெளிச்சம்தான் இளைத்திருக்கிறதா என்று கேட்டேன். முகம் தெரிஞ்சா போதாதா, பருகூடத் தெரியணுமா என்றார். முகமே தெரியலைங்க என்றேன், குரல் கேட்குதில்ல என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்குத் தெரிந்த அளவு பாதிதான். காலையிலேயே கரண்ட் போய்விட்டது. நீ சாயங்காலம் கூப்பிடுவாய் என்று அப்பா யாரையும் லேப்டாப்பைத் தொட விடவில்லை. ஆனால் சேமித்தது சேமித்தபடி இருக்கிறதா என்று அவரே அடிக்கடி திறந்து பார்த்தார், பார்த்துப் பார்த்தே முக்கால்வாசியைத் தீர்த்தார். இதை அவரிடம் சொன்னேன். மட்டம் பார்க்காம எப்படித் தெரியும் என்றார். தொட்டியை எட்டிப் பார்த்தால் தண்ணீர் குறையாது, இது குறையும் என்று விளக்குவதற்குள் நீ கூப்பிட்டுவிட்டாய். அப்புறம் நடந்ததை நீயே கேட்டாய். ஒரு விஷயம் சொல்லணும், ரெண்டு பேரும் நிதானமாக் கேளுங்க என்றாய். நிதானமாக் கேட்கச் சார்ஜ் இல்லம்மா, பதினொண்ணுதான் இருக்கு, சுருக்கமாச் சொல்லு என்றார் இந்த மனுஷன். அப்ப வேண்டாம்ப்பா, இன்னொரு நாள் சொல்றேன் என்றாய். அவர் சரி என்று மூடிவிட்டார், வால்வை மூடுகிற மாதிரி.

நூலகத்தில் வேலை பார்த்த பழக்கத்தில் அன்றிலிருந்து நான் உன் விஷயத்தை ஒவ்வொரு அலமாரியாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். வேலை போயிருக்குமோ, உடம்புக்கோ, யாரையாவது பிடித்துவிட்டதோ, பிடித்தவன் போய்விட்டானோ. உன் அத்தையிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அவள் இன்னும் நாலைந்து சேர்த்துக் கொடுத்தாள், ஒன்றுகூட நல்லதாக இல்லை. அண்ணி, நல்ல விஷயத்துக்கு யாராவது நிதானமான்னு சொல்வாங்களா என்று வேறு கேட்டாள். எதுவாக இருந்தாலும் நாங்கள் கத்த மாட்டோம். கத்தினாலும் சீக்கிரம் நிறுத்திவிடுவோம், அந்த அளவுக்கு எங்களை உனக்குத் தெரியும். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்பா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அவருக்கு உறைக்கவே இல்லை என்று நினைத்து நானும் அவரோடு பேசவில்லை. நேற்று மத்தியானம் நாற்காலி போட்டு ஏறிப் பரண்மேலிருந்து பெரிய பெட்டியை இறக்கினார். துடைத்தார், சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார். எங்கே புறப்பாடு என்று கேட்டேன். அவ என்ன சொல்லப்போறான்னு தெரியலையே, கிளம்ப வேண்டி வந்தா என்றார், என் முகத்தைப் பார்க்காமல். பெட்டி கூடத்தின் நடுவில் கிடக்கிறது, இரண்டு பேரும் அதைச் சுற்றிச் சுற்றி நடக்கிறோம். அதில் துணி வைப்பதா, திரும்ப மேலே ஏற்றுவதா என்று நீதான் சொல்ல வேண்டும்.

நல்லா இரு கண்ணு, எந்தக் கஷ்டமும் உன்னை அண்டாமல் இருக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. இதைப் படித்ததும் கூப்பிடு, பாதி தூக்கத்தில் படித்தாலும் கூப்பிடு.

பெட்டியைச் சுற்றி நடந்துகொண்டிருக்கும்
உன் அம்மா
(அப்பாவும்தான்)