கவரின் மேல் எழுதிய பெயர்

ஜெர்சி சிட்டி
17 ஜூன் 2001, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

வசந்தாமணி எழுதிக்கொள்வது. நானும் ஓவியாவும் நன்றாக இருக்கிறோம். டல்லாஸ் ப்ராஜெக்டில் நீங்களும் நன்றாக இருப்பதாகப் போனில் சொன்னீர்கள். அதை நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் "அப்புறம், அப்புறம்" என்று சொல்லிக்கொண்டே வைத்துவிடுகிறீர்கள். கட்டின பெண்டாட்டியிடம் பேசுகிற மாதிரியா இருக்கிறது? பல் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்குகிற மாதிரி இருக்கிறது. நடுவில் ஏதோ "டிங்" என்று அடிக்கிறது, உடனே போன் வாயைப் பொத்திக்கொண்டு வேறு யாரிடமோ இங்கிலீஷில் பேசுகிறீர்கள். கேட்டால் ஆபீஸ் லிஃப்ட் என்கிறீர்கள். லிஃப்டுக்குப் பக்கத்திலா உட்கார வைத்திருக்கிறார்கள் உங்களை? கடிதத்தை மட்டும் நடுவில் வைத்துவிட முடியாது, கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

கல்யாண நாளுக்கு நீங்கள் அனுப்பிய பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தால் ஒரு கேசட். அட்டையில் தொப்பி வைத்த நரை மீசைக்காரர் ஒருவர் வேலியில் சாய்ந்து நிற்கிறார். "பொறுமையாக எல்லாப் பாட்டையும் கேள்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் எனக்குக் குக்கர் வாங்கித் தந்திருக்கிறீர்கள், மிக்ஸி வாங்கித் தந்திருக்கிறீர்கள், பாட்டு வாங்கித் தந்தது இதுதான் முதல் தடவை. அதுவும் கன்ட்ரி மியூசிக்! இந்த ஊருக்கு வந்த புதிதில் காரில் இந்தப் பாட்டு வந்தால், மாட்டைத் தொலைத்தவன் மாதிரி அழுகிறான் என்று ஸ்டேஷனை மாற்றியவர் நீங்கள்தானே?

பசுபதி தம்பியின் வீட்டுக்காரி மீனாக்ஷியிடம் காட்டினேன். நாற்பத்தாறு வயதில் ஆம்பளைங்க லவ் சாங் கேட்க ஆரம்பிச்சா கொஞ்சம் கவனமா இருக்கணும்க்கா என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. பாட்டை யார் அறிமுகப்படுத்தினார்கள் என்று கேட்கலாமா கூடாதா என்று யோசித்து, இதோ கேட்டேவிட்டேன்.

அவர் பாடுகிற இங்கிலீஷ் எனக்கு எட்டவில்லை. ஓவியாவைப் பக்கத்தில் உட்கார வைத்து முதல் பக்கத்தைக் கேட்டோம். ஒரு பாட்டில், மனைவி ஃபிரிட்ஜ் மேல் மறந்து வைத்த கண்ணாடியை இவர் எடுத்துப் போட்டுப் பார்க்கிறார். தன் கையே தனக்கு இவ்வளவு கிழமாகத் தெரிகிறதே, தினமும் இதைப் பார்த்தும் அவள் ஒன்றும் சொல்லவில்லையே என்று பாடுகிறார். இன்னொன்றில் புருஷன் பெண்டாட்டி ஆளுக்கொரு போர்வையில் படுத்திருக்கிறார்கள், கால் மட்டும் தேடிப்போய்த் தொடுகிறது. ஓவியா அதற்கு அர்த்தம் சொல்லும்போது எனக்கு முகம் வேர்த்துவிட்டது. ஹி இஸ் ஸோ ஓல்ட் மா, எல்லாத்துக்கும் ஸாட் ஆகறாரு என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். இரண்டாம் பக்கம் பாக்கி இருக்கிறது.

கவரில் உங்கள் பெயரை எழுதும்போது அவள் எட்டிப் பார்த்தாள். கையால் எழுதுகிறாய், வாயால் மட்டும் ஏன் சொல்ல மாட்டாய் என்று இங்கிலீஷில் கேட்டாள். சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று எங்கள் அம்மா சொல்லி வளர்த்தாள் என்றேன். வியர்ட் என்றாள். இருக்கட்டும், எனக்கு அது பழகிவிட்டது.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

என்றும் உங்கள்
வசந்தாமணி


ஜெர்சி சிட்டி
26 ஆகஸ்ட் 2001, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே மூன்று நாளாக விடாத மழை. நான் பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் இரண்டும் வீட்டுக்குள்ளேயே ஓடி விளையாடிக் கீழ்வீட்டுக்காரர் கம்பால் கூரையைத் தட்டிவிட்டார். ஓவியாவுக்குப் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. ஷூ பத்தவில்லை என்கிறாள். அவள் கால் உங்கள் கால்.

மழையில் வேறு வேலை இல்லாமல் இரண்டாம் பக்கத்தையும் கேட்டுவிட்டோம்.

அதில் முதல் பாட்டு ஒரு மில் ஆள் பாடுவது. மில்லை மூடிவிடுகிறார்கள். அவன் வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, டப்பாவில் சாப்பாடு வாங்கிக்கொண்டு, ஏரிக்கரையில் போய் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பி வருகிறான். மனைவி டப்பாவைக் கழுவி வைக்கிறாள், ஒன்றும் கேட்பதில்லை. ஒரு நாள் ஏரிக்கரையில் டப்பாவைத் திறக்கிறான். உள்ளே இரண்டு ஸ்பூன் இருக்கிறது, அவனுடையதும் அவளுடையதும். பாட்டு அதோடு நின்றுவிடுகிறது.

ஓவியா அர்த்தம் சொல்லி முடித்துவிட்டு, அம்மா, ஏன் அழறே, இட்ஸ் ஜஸ்ட் எ சாங் என்றாள். வெங்காயம் நறுக்கியது என்றேன். அன்றைக்கு நான் வெங்காயமே நறுக்கவில்லை.

மறுநாள் பசுபதி தம்பியைக் கோயிலில் பார்த்தேன். உங்கள் கம்பெனிதானே அவருக்கும். டல்லாஸ் ப்ராஜெக்ட் எப்படிப் போகிறது தம்பி என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். செருப்பைத் தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார். அண்ணன்கிட்டயே கேட்டுக்கங்கக்கா என்றார். குனிந்தவர் நான் நகரும் வரை நிமிரவில்லை.

வரும் வழியில் தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போனேன். கதவைத் தள்ளினதும் டிங். எத்தனையோ நாள் போய்வந்த கடைதான், அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. பின்னால் ஒருவர் வந்தார், மறுபடியும் டிங். கல்லாவில் நின்றவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார், உடனே கையால் போன் வாயைப் பொத்திக்கொண்டு அவரைக் கவனித்தார். பாலை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் கேசட் டப்பாவை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் கடையின் ஸ்டிக்கர் இருக்கிறது. பெட்ரோல் போடுகிற கேஸ் ஸ்டேஷன் ஒன்றின் பெயர், டல்லாஸ் தெரு, போன் நம்பர் எல்லாம் போட்டிருக்கிறது. காரை இங்கே நிறுத்திவிட்டுப் போன மனுஷருக்குக் கேஸ் ஸ்டேஷனில் என்ன வேலை என்று எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். நான்தான் உங்களுக்கு இன்னொருத்தி இருக்கிறாளோ என்று கதை கட்டிக்கொண்டிருந்தேன். அப்படியே இருந்திருந்தாலும் இவ்வளவு பயமாக இருந்திருக்காது, சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்.

நான் எதையும் கேட்கவில்லை மாமா. பாட்டில் வருகிறவளும் கேட்கவில்லை. நீங்கள் தங்கியிருக்கிற கிட்டுசாமி அண்ணன் வீட்டு விலாசத்துக்கே பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஊறுகாய் பாட்டிலை நன்றாகச் சுற்றியிருக்கிறேன். சுற்றின துணிக்குள் இரண்டு ஸ்பூன் இருக்கும், பார்த்து எடுங்கள்.

என்றும் உங்கள்
வசந்தாமணி


ஜெர்சி சிட்டி
7 அக்டோபர் 2001, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

ஸ்பூனைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊறுகாய் நன்றாக இருந்தது என்றீர்கள், உப்பு சரியாக இருந்தது என்றீர்கள். சரி, பிறகு பேசுவார் என்று இருந்தேன். அதற்குள் செப்டம்பரில் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

நம் சமையலறை ஜன்னலைத் திறந்தால் இன்னும் அந்த வாடை வருகிறது. ஆற்றுக்கு அக்கரையில் அந்த இரண்டு கட்டிடமும் நின்ற இடத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே தினமும் பார்க்கிறேன். தெருமுனைக் கடைக்காரர் கதவிலும் கல்லாவிலும் கொடி ஒட்டியிருக்கிறார், சட்டையிலும் குத்தியிருக்கிறார். அப்படியும், நம்மைப் போல நிறம் என்று, போன வாரம் யாரோ கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். இப்போது அவர் கதவில் டிங் அடித்தால் தலையைத் தூக்குவதற்கு முன் ஒரு கணம் நிற்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் ஞாபகம்தான்.

நேற்று பசுபதி தம்பி வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். டெக்சாஸ்ல ஒரு கேஸ் ஸ்டேஷன்ல கவுண்டர்ல நின்ன நம்ம ஆள் ஒருத்தரைச் சுட்டுட்டாங்களாம்க்கா, யாருன்னு தெரியலை என்றார். அதை ஏன் தம்பி என்கிட்ட வந்து சொல்றீங்க என்று கேட்டேன்.

கிட்டுசாமி அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது. கேசட் டப்பாவை எடுத்து ஸ்டிக்கரில் இருந்த நம்பருக்குப் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். யார் வேண்டும் என்றாள். என் வீட்டுக்காரர் என்றால் அவளுக்கு என்ன புரியும்? ஓவியாவின் அப்பா என்றால் யாருக்குத் தெரியும்? மாமா, நான் உங்கள் பெயரைச் சொன்னேன். பிறந்ததிலிருந்து முதல் தடவை, வாய்விட்டு, முழுப் பெயரையும் சொன்னேன்.

அப்படி இங்கே யாரும் இல்லை என்றாள்.

இன்னும் சத்தமாகச் சொன்னேன். இல்லை மேம் என்றாள். எழுத்து எழுத்தாகச் சொல்லி, மறுபடியும் முழுசாகச் சொன்னேன். என் குரல் கேட்டு ஓவியா ஓடி வந்துவிட்டாள். அப்புறம் அந்தப் பெண் ஏதோ யோசித்து, இங்கே இந்தியர் என்றால் சாம்தான், வெளியே பம்ப்பிடம் நிற்கிறார், கூப்பிடவா என்றாள். அவளுக்குப் பின்னால் கதவு டிங் என்றது. அந்தக் கடைக்குள் உங்கள் தொப்பிக்காரர் கண்ணாடிப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். நான் போனை வைத்துவிட்டேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்பதற்காக அழுதேனா, அப்படி ஒரு ஆள் இல்லை என்று அவள் சொன்னதற்காக அழுதேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஏன் கூப்பிடச் சொல்லவில்லை என்று ஓவியா கேட்டாள். கல்லாவில் நிற்க வைத்து, ஊர் பெயர் தெரியாதவர்கள் முன்னால், உங்களை அந்த மாதிரி பிடிக்க எனக்கு மனசு வரவில்லை.

மாமா, இனி மறைக்க ஒன்றும் இல்லை. மார்ச் மாதமே வேலை போய்விட்டது என்பதை மீனாக்ஷியிடம் கேட்டு வாங்கிவிட்டேன். கம்ப்யூட்டர் எழுதின கை பெட்ரோல் குழாய் பிடித்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. விசாவுக்கு அது ஆகாது என்பதும் தெரியும். எனக்கு அந்தப் பயம்கூட இல்லை, பிடித்தால் ஊருக்குத்தானே அனுப்புவார்கள்? கோயம்புத்தூரில் நாம் இதைவிடக் கஷ்டமாக இருந்திருக்கிறோம், அங்கே இருந்தவரை ஒருவருக்கொருவர் பொய் சொல்லவில்லை. ஓவியாவின் படிப்பு என்று ஆரம்பிக்காதீர்கள். அப்பா எப்போ வருவார் என்று இப்போதெல்லாம் தமிழில் கேட்கிறாள்.

பாட்டை நான் முழுசாகக் கேட்டுவிட்டேன். வாயால் சொல்ல முடியாததை ஒரு வெள்ளைக்காரரைப் பிடித்துச் சொல்ல வைத்தீர்களே, அது போதும். மீதியை நேரில் சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருங்கள். அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள். கணக்கு முடிக்க வேண்டும், சொல்லிக்கொண்டு வர வேண்டும் என்று ஒரு நாள்கூட அந்தக் கதவுக்கு எதிரில் நிற்காதீர்கள்.

இந்தக் கடிதத்தைக் கடை விலாசத்துக்கே அனுப்புகிறேன். கவரின் மேல் சாம் என்று எழுதியிருக்கிறேன். எழுதும்போது கை கூசியது. ஆனால் உங்கள் சொந்தப் பெயரை இன்னொரு தடவை அந்தக் கடைக்கு அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை.

மருதமலையான் உங்களைக் கண் போலக் காப்பாற்றட்டும். ஒரு தடவைக்கு மூன்று தடவை உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். அதனால் ஒன்றும் ஆகாது என்று ஓவியா அடித்துச் சொல்கிறாள். நீங்கள் வந்து கதவைத் தட்டி, யாரது என்று நான் கேட்டு, "நான்தான்" என்று நீங்கள் சொல்லும் வரை நான் அவளை நம்ப மாட்டேன்.

என்றும் உங்கள்
வசந்தாமணி