கருப்பிக்குப் போட்ட இலை

அக்கா, உன் அலுமினியச் சட்டியில் மத்தி வெந்துகொண்டிருக்கிறது. உப்பில்லை, புளியில்லை, மிளகாயில்லை. அப்படி வேகிற மீனுக்கு ஒரு மொட்டை வாசனை உண்டு. உன் வீட்டுக்குள் நுழைந்தாலே முகத்தில் அடிக்குமே, அதேதான். வாசலில் உன் நாய் கருப்பி படுத்திருக்கிறது. வாசனைக்கும் எழுந்து வரவில்லை.

உப்பளத்து வரப்பில் மத்தியானம் நாங்களெல்லாம் தூக்குச்சட்டியைத் திறந்தால், நீ முதலில் கருப்பியின் டப்பாவைத்தான் திறப்பாய். மத்தியைப் பிளந்து, நடுமுள்ளை உருவி, விரலால் தடவிப் பார்த்துச் சோற்றில் பிசைவாய். "எண்ணெ மீனு, நெறைய போட்டா வயித்தால போவும்" என்று கொஞ்சமாகத்தான் வைப்பாய். ஒருநாள் மேஸ்திரி பாசமாகக் கருவாட்டுத் துண்டை வீசினார். பாய்ந்து பிடுங்கினாய். "உப்புல நிக்கிற நம்ம காலே வெடிச்சிப் போவுது, அது வயிறு இன்னாத்துக்கு ஆவும்?" என்று அவரிடமே கேட்டாய். கோழி எலும்பென்றால் சொல்லவே வேண்டாம். "வெந்த எலும்பு ஊசியாட்டம் உடையும்டி" என்று அடுப்பில் போட்டு எரித்துவிடுவாய்.

நீ போன பிறகு கருப்பி தண்ணீர் மட்டும்தான் குடித்தது. காரியம் முடிந்து கறிச்சோறு போட்ட அன்று உன் மகன் சொன்னான், "சித்தி, அம்மாவுக்குப் பொண்ணு மாதிரி அது. அதுக்கும் ஒரு இலை போடுங்க." போட்டேன். சோறு, குழம்பு, கோழித் துண்டு. கருப்பி முகர்ந்து பார்த்தது. பிறகு எலும்போடு நொறுக்கிச் சாப்பிட்டது. பந்தியில் பாதிப் பேர் எழுந்து வந்து பார்த்தார்கள். "அக்காவே வந்து சாப்ட்ட மாதிரி இருக்குது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எனக்கும் அழுகை பொங்கியது. நீ வந்துவிட்டாய் என்றே நம்பினேன். நீ சொன்னது எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

விடிந்தபோது அதன் வாயில் ரத்தம். உன் மகன் ஆட்டோவில் போட்டுக்கொண்டு புதுச்சேரிக்கு ஓடினான். தொண்டையில் குத்தியிருந்த எலும்புச் சில்லை டாக்டர் எடுத்துவிட்டார். "உள்ள போனது குடலைக் கிழிக்காம இருக்கணும். கொழகொழன்னு ஏதாவது குடுங்க. சாப்பிட்டா பொழைச்சிக்கும்" என்றாராம்.

கஞ்சியை அது தொடவில்லை. உன் மகன் சென்னை பஸ் ஏறும்போது, "பாத்துக்க சித்தி" என்று தேம்பினான். எனக்குக் கோபமெல்லாம் உன்மேல்தான். ஒரு நாயை இப்படியா ஒரே கைக்குப் பழக்கிவிட்டுப் போவது? இப்போது என் வீட்டுக்காரர் தட்டில் மீன் வைக்கும்போதும் என் விரல் முள்ளைத் தேடுகிறது. "நான் இன்னா நாயா?" என்கிறார். சிரிக்க முடியவில்லை.

எழுதிக்கொண்டிருந்த இந்தக் கடிதத்தை அப்படியே வைத்துவிட்டுப் போய்ச் சட்டியை இறக்கினேன். ஆறவிட்டு, முள்ளை உருவி, இரண்டு தரம் தடவிப் பார்த்துப் பிசைந்தேன். கையை நீட்டினேன். கருப்பி வெகுநேரம் என் முகத்தையே பார்த்தது. அப்புறம் நக்கியது. மெல்ல மெல்லத் தின்றது.

அன்றைக்குப் போல யாரும் கூடி நிற்கவில்லை. நீ வந்ததாகவும் தோன்றவில்லை. பசித்த நாய் ஒன்று என் கையில் சாப்பிட்டது, அவ்வளவுதான். நீ இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாளைக்கும் மீன் வாங்க வேண்டும், அக்கா.