புஜ்ஜியின் இடது கண்

மூக்கண்டப்பள்ளி,
வெள்ளிக்கிழமை

அப்புக்குட்டி,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத வேண்டும், கை வரவில்லை. உன்னை மண்ணில் வைத்து நாலு மாசம். இப்போது உன் பூனை புஜ்ஜிக்குக் கண் சரியில்லை.

போன வாரம் இடது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு உன் கட்டிலிலேயே கிடந்தது. தூங்குகிறது என்று நினைத்தேன். மறுநாள் கண்ணில் தண்ணீர் வடிந்தது, காலால் தேய்த்துக்கொண்டே இருந்தது. மூக்குப் பக்கத்து மூலையிலிருந்து வெள்ளையாக ஒரு தோல் பாதிக் கண்வரை ஏறி நின்றது. பக்கத்து வீட்டுக் கெம்பம்மா வந்து பார்த்து, நீ ஓயாமல் அழுகிறதைப் பார்த்தே பூனைக்குப் புரை விழுந்துவிட்டது, அடுத்தது உனக்குத்தான் என்று என்னைத் திட்டினாள்.

வெல்டிங் வெளிச்சம் பட்டுக் கண் எரிகிறது என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விட்டுக்கொள்வாயே, அந்தச் சொட்டு மருந்து உன் கம்பெனிச் சட்டைப் பையில் அப்படியே இருந்தது. அந்தச் சட்டையை நான் இன்னும் துவைக்கவில்லை. உன் மருந்துதானே என்று மூன்று நாள் விட்டேன். கண் சிவந்து, மஞ்சளாகப் பீளை கட்டி, கருவிழி பால் மாதிரி வெளுத்துவிட்டது.

கூடையில் வைத்து மத்திகிரிக்குப் பஸ்ஸில் கொண்டுபோனேன். அங்கே மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா ஏதோ சாயம் விட்டு விளக்கடித்தார். கருவிழியில் ஒரு கீறல் பச்சையாக மின்னியது. நகம் பட்டுப் புண்ணாகியிருக்கிறதாம். அந்த வெள்ளைத் தோல் பூனைகளுக்கு உள்ள மூன்றாவது இமையாம், கண் நொந்தால் ஏறி மூடுமாம். நான் கொண்டுபோயிருந்த உன் மருந்துப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்து, இது புண்ணை ஆழமாக்குகிற மருந்தாச்சே, உங்க மகன் டாக்டரைக் கேட்காமலா விட்டுக்கிட்டார் என்றார். கடையில் கேட்டு வாங்கினதுதான் என்றேன்.

வேறு மருந்து கொடுத்திருக்கிறார். பார்வை நிற்குமா என்பது பத்து நாள் போனால்தான் தெரியும். பாதிக் கண் மூடினால் அது தூக்கம் இல்லைம்மா, வலி, வெளிச்சம் தாங்கலைன்னு அர்த்தம், அன்னிக்கே கொண்டாந்திருக்கணும் என்றார்.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் நீயும் பாதிக் கண்ணோடுதான் களி சாப்பிட்டாய். தூக்கம் போதலையாடா என்று தலையில் தட்டி, ஷிப்டுக்கு நேரமாச்சு என்று நான்தான் உன்னை வண்டியில் கிளப்பிவிட்டேன். அத்தனை பெரிய லாரி, பட்டப்பகல், ரோட்டோரம் சும்மா நின்றிருந்தது, எப்படிப் போய் மோதினான் என்று எல்லோரும் இன்னமும் கேட்கிறார்கள்.

புஜ்ஜிக்காக வேண்டிக்கொள், சாமி. நீ இருக்கிற இடத்தில் வெளிச்சம் உன் கண்ணைக் குத்தாமல் இருக்கட்டும்.

உன் அம்மா,
செல்லி

அந்த லாரி உன் கண்ணுக்குத் தெரிந்ததா, அப்பு?