இன்ஜின் அணைந்த வரிசை

என் மூச்சோடு இருக்கும் அண்ணா,

நீ இருந்தவரை உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே கடிதம் எதற்கு? இப்போது எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும் என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மகன் ஜான்சன் உன்னைப் போலவே டிரெய்லர் ஓட்டுகிறான். அவன் மகள் மெர்லினை நீ பார்க்கவில்லை. வாய் ஓயாமல் பேசுவாள். பேச்சுக்கு நடுவே மூச்சு இழுக்கும். உனக்கிருந்த அதே இழுப்பு. துறைமுக வாசலுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையில்தான் இன்னும் நம் வீடு. அவள் மார்புக்குள் போவது எந்தப் புகை என்று அறிய என் வேதியியல் பட்டம் தேவையில்லை.

"சிகரெட் உண்டா?" என்று டாக்டர் கேட்டபோது நீ என்ன சொன்னாய்? "நான் இல்ல டாக்டர், என் வண்டிதான் குடிக்கும்." அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் இன்னும் சிரிக்கவில்லை.

இவ்வாண்டு ஒரு நல்ல ஏற்பாடு வந்தது. துறைமுகத்துக்குள் போகவேண்டிய நேரம் ஒவ்வொரு லாரிக்கும் போனில் வந்துவிடும். அதுவரை ஊருக்கு வெளியே ஒரு திடலில் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருக்கலாம். சோதனை முயற்சிதான், பலனில்லையென்றால் கைவிடுவார்கள்.

என்ன நடந்திருக்கும் என்று நீயே ஊகிப்பாய். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோரும் முன்கூட்டியே வந்து, பழையபடி சாலையில் நின்றார்கள். இன்ஜினும் ஓடியது. அணைத்தால், முன்வண்டி நகரும் கணத்தில் பின்னாலிருப்பவன் புகுந்துவிடுவான் அல்லவா? வரிசை முன்பைவிட நீண்டது.

துறைமுகத்தில் ஊர்க்காரர்களையும் அழைத்து நடத்திய கூட்டத்தில் ஓர் அதிகாரி, "இவங்க பழக்கத்தை மாத்தவே முடியாது சார்" என்றார். நான் குரலை உயர்த்தவில்லை. "முந்துகிறவனுக்கே இத்தனை காலம் வாசலைத் திறந்துவிட்டீர்கள். இது ஓட்டுநர்களின் பழக்கமல்ல, உங்கள் வாசலின் பழக்கம்" என்றேன். குறித்துக்கொண்டார்கள். குறித்துக்கொள்வதில் அவர்கள் வல்லவர்கள்.

வீட்டுக்கு வந்து, இப்படியே போனால் ஏற்பாட்டைக் கைவிட்டுவிடுவார்கள் என்று அண்ணியிடம் சொன்னேன். அந்த வரிசைக்கு இட்லி விற்றுத்தான் அவர் குடும்பம் நடத்துகிறார். வரிசை போனால் வியாபாரமும் போகும். மெர்லின் இருமுவதைச் சற்று நேரம் பார்த்தவர், ஒரு காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு நடந்தார். வரிசையில் நின்ற ஜான்சன் வண்டிக்கு முன்னால் அதை வைத்தார்.

"அணைடா வண்டிய."

"இன்னாம்மா பேஜாரு பண்ற? பின்னாடி கீறவன் பூந்துருவான்."

"தண்ணி லாரிக்கு நான் குடம் வெச்ச எடத்துல எவனாவது பூந்துகீறானா? கேளு அவன."

பின்வண்டிக்காரர் தலையை நீட்டினார். "குடத்தத் தாண்டுனா எங்கம்மாவே என்ன வூட்டுல சேக்காதுக்கா."

"அப்ப நீயும் அணை. அணைச்சவனுக்குத்தான் இட்லி."

மறுநாள் தெருப் பெண்கள் எல்லோரும் குடங்களைக் கொண்டுவந்தார்கள். பச்சை, சிவப்பு, ஓட்டைக் குடம்கூட. அண்ணா, அந்தச் சாலையில் காக்கை கரைவது கேட்டது!

முண்டியடிப்பு நின்றதும், போனில் வந்த நேரத்துக்கு வந்தவன் அந்த நேரத்துக்கே உள்ளே போனான். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு நம்பிக்கை வந்தது. ஒவ்வொருவராகத் திடலுக்குப் போனார்கள். அண்ணியும் இட்லிக் கடையை அங்கேயே மாற்றிக்கொண்டார். ஏற்பாடு இனி நிரந்தரம் என்று உத்தரவு வந்துவிட்டது. "ஓட்டுநர்களிடம் நல்ல விழிப்புணர்வு" என்று அதே அதிகாரி பேசினார். விழித்தது யார் என்று நான் கேட்கவில்லை, ஏற்பாடு நிலைக்கட்டும்.

மெர்லினுக்கு இழுப்பு முழுவதும் விடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பேருந்து நிறுத்தம் வரை என்னோடு பேசிக்கொண்டே நடந்தாள். நடுவில் எங்கும் நிற்கவில்லை. நான்தான் நின்றேன், முகத்தைத் துடைத்துக்கொள்ள.

இனி கப்பல்கள். கரையில் கட்டிக்கிடக்கும்போதும் அவை எண்ணெயை எரித்துக்கொண்டே இருக்கின்றன. கரையிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு தம் இன்ஜினை அவை அணைக்க முடியும். அணைக்கும் நாள்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் நான் உட்கார்ந்திருப்பேன். அந்த மின்சாரம் எதை எரித்து வருகிறது என்றும் கேட்பேன். நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையத்தின் பக்கத்தில் வளரும் அத்திப்பட்டுப் பிள்ளைகளுக்கும் மார்பு உண்டு. என் கோபம் ஆறிவிடும் என்று சிலர் காத்திருக்கிறார்கள். ஆறவிடமாட்டேன், அண்ணா. இது வாக்கு.

உன் தம்பி,
மெர்லினின் சின்னத் தாத்தா,
சேவியர்