ஆமைத் தொண்டையில் ஐந்து மணி நேரம்

நாம் தின், நெசவாலைக் குடியிருப்பு
9 மே 1999

மியெனின் அப்பாவுக்கு,

லுவா எழுதுகிறேன். நானும் குழந்தையும் சுகம். உங்கள் இருமல் இப்போது பரவாயில்லை என்று தம்பி காங் சொன்னான்.

மியெனுக்குப் பதினொரு வயது முடிகிறது. இந்தக் கோடை விடுமுறைக்கு உங்களிடம் வர வேண்டும் என்று மூன்று மாதமாக அடம். வகுப்பில் ஹா லோங் விரிகுடாவின் படம் ஒன்று மாட்டியிருக்கிறார்களாம். "எங்க அப்பா இங்கதான் படகு ஓட்டறாரு" என்று சொல்லியிருக்கிறாள். ஒருவரும் நம்பவில்லை. அன்று அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். அதனால்தான் சம்மதித்தேன். உங்களுக்காக அல்ல.

அவளுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரில் தனியாக விடக் கூடாது. படகில் கட்டியிருக்கும் தோணியில்கூட உட்கார விடக் கூடாது. காற்று எச்சரிக்கை வந்தால் உடனே கரைக்குக் கொண்டு வந்துவிட வேண்டும். எது நடந்தாலும், நல்லதோ கெட்டதோ, எனக்கு எழுதிவிட வேண்டும்.

தொண்ணூறாம் வருஷம் படகு பாறையில் மோதியதற்காக நான் உங்களை விட்டு வந்தேன் என்று உங்கள் ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். படகு என்றால் மோதும். இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்தப் பாறையில் மூன்று மணி நேரம் தொங்கினேன், அதையும் மறந்திருப்பேன். காலையிலேயே ரேடியோவில் எச்சரிக்கையைக் கேட்டுவிட்டு, "பேட்டரி தீர்ந்துபோச்சு லுவா" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்களே, அதற்காக வந்தேன்.

சம்மதம் என்றால் எழுதுங்கள்.

லுவா

ஹோன் காய் துறை
20 மே 1999

அன்புள்ள லுவா,

சம்மதம், சம்மதம், மூன்று தடவை சம்மதம். உன் கடிதத்தைப் படகின் சுக்கான் அறையிலேயே ஒட்டி வைக்கலாம் என்று பார்த்தேன். லாம் சித்தப்பா, "ஒட்டாதடா தோவான், பயணிங்க படிச்சா இறங்கி ஓடிருவாங்க" என்றார். அவருக்கு அறுபத்தெட்டு வயது. இன்னமும் என்னோடுதான் சமையலும் நங்கூரமும்.

ரேடியோவைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் மறுக்கவில்லை. அன்று சுரங்கத் தொழிலாளர்கள் நாற்பது பேர் உல்லாசப் பயணத்துக்குப் படகேறிவிட்டார்கள். இறங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இது காரணம்தான், சமாதானம் அல்ல.

கீழ் அறைக்கு வண்ணம் அடிக்கிறேன். அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும்? பெற்ற மகளைப் பற்றி இதைக்கூட ஊரார் போலக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தோவான்

நாம் தின்
4 ஜூன் 1999

மியெனின் அப்பாவுக்கு,

பச்சை. காங் அவளைப் பன்னிரண்டாம் தேதி கொண்டுவந்து விடுவான். ஜூலை ஐந்தாம் தேதி வந்து அழைத்துக்கொள்வான். மீன்சாறு அதிகம் சேர்த்தால் வாந்தி எடுப்பாள். தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசுவாள். அது யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பயந்தால் பயம் என்று சொல்ல மாட்டாள், சும்மா சிரிப்பாள். சிரித்தால் கவனியுங்கள்.

லுவா

ஹோன் காய்
19 ஜூன் 1999

அன்புள்ள லுவா,

உன் மகள் படகை ஆள வந்துவிட்டாள். முதல் நாளே லாம் சித்தப்பாவின் சமையலில் குற்றம் கண்டுபிடித்துவிட்டாள். "தாத்தா, கணவாய் வடைல கணவாயைக் காணோமே?" என்று கேட்டாள். "அது நீந்திப் போயிருச்சும்மா" என்றார் அவர். அன்றிலிருந்து இருவரும் சேர்ந்து உரலில் கணவாய் இடிக்கிறார்கள். எனக்கு மரியாதை போய்விட்டது.

தீவுகளுக்கெல்லாம் அவளே பெயர் வைக்கிறாள். ஊரார் சண்டைச் சேவல் என்று கூப்பிடும் இரண்டு பாறைகளையும் "வீட்டுக்கணக்கு எழுதாம வந்த ரெண்டு பசங்க" என்கிறாள். பெரிய குகையில் ஹனோய்ப் பயணிகளுக்கு அவளே விளக்கம் சொல்கிறாள். பாதி பொய். கைதட்டுகிறார்கள்.

வானம் தெளிவாக இருக்கிறது. ரேடியோ தினமும் மூன்று வேளை கேட்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், கறுத்துவிட்டாள். நீ ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம். அவள் எழுதிய தாள் ஒன்றையும் இதோடு வைத்திருக்கிறேன்.

தோவான்

நாம் தின்
24 ஜூன் 1999

மியெனின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் ரொம்ப நன்றாக இருக்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு குறைகூட இல்லாமல் நீங்கள் எழுதினால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

குழந்தையின் தாளில் கடைசி வரியை நீங்கள் படித்தீர்களா? "அம்மா, என் ரெண்டு உள்ளங்கையும் காய்ச்சுப்போச்சு, ஆனா வலிக்கலை." கணவாய் இடித்தால் ஒரு கைதான் காய்க்கும். இரண்டும் காய்ப்பது எதனால் என்று எனக்குத் தெரியும். ஆறு வருஷம் நானும் அங்கே துடுப்புப் போட்டவள்தான்.

தனியாக விடுகிறீர்களா, இல்லையா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.

லுவா

ஹோன் காய்
1 ஜூலை 1999

லுவா,

உன் கடிதம் நேற்று வந்தது. ஒரே வார்த்தையில் கேட்டாய்: ஆமாம். வந்த மறுநாளிலிருந்து மூங்கில் தோணியைத் தனியாகத்தான் ஓட்டினாள், படகைச் சுற்றி மட்டும். கெட்டிக்காரியாக இருந்தாள். எனக்குப் பெருமை. உனக்கு எழுதாமல் விட்டேன்.

அதற்குமேல் ஒன்று நடந்திருக்கிறது. மியென் நன்றாக இருக்கிறாள். முழங்கையில் ஒரு கீறல், வேறொன்றுமில்லை. இதை இரண்டு தடவை படித்துவிட்டு மீதியைப் படி.

முந்தாநாள் செவ்வாய்க்கிழமை. ஹனோயிலிருந்து வந்த ஆசிரியர்கள் பதினான்கு பேரைக் குகை காட்டக் கூட்டிப்போனேன். "நான் வர்ற வரைக்கும் தோணியைத் தொடாதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். ஆனால் அதே காலையில், ஆமைத் தொண்டைக்குள் குரங்கு குட்டி போட்டிருக்கிறது, சாயங்காலம் காட்டுகிறேன் என்றும் சொல்லியிருந்தேன். உனக்கு அந்த இடம் தெரியும். மலைக்கு அடியில் பதினைந்து ஆள் நீளத்துக்கு ஒரு பொந்து. உள்ளே நாலு பக்கமும் சுவர் மாதிரிப் பாறை, நடுவில் குளம். நீர் ஏறினால் பொந்து மூடிக்கொள்ளும்.

திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டரை இருக்கும். லாம் சித்தப்பா வெயிலில் கண்ணயர்ந்திருந்தார். தோணி இல்லை. ஆமைத் தொண்டைக்கு நீந்திப்போய்ப் பார்த்தால், பொந்தின் வாயில் ஒரு சாண்தான் மிச்சம். அந்தச் சாண் இடைவெளியில் அவள் துடுப்பு மிதந்துகொண்டிருந்தது.

கூப்பிட்டேன். என் குரல்தான் திரும்பி வந்தது. அந்த வாரம் பெரிய ஏற்றம்; நம் கடலில் ஒரு நாளைக்கு ஒரே ஏற்றம், சட்டென்று வடியாது. முங்கினேன். பாதி வழியில் கூரையில் ஒரு குழிவு உண்டு, அங்கே கொஞ்சம் காற்று தங்கும். முகத்தை மேலே ஒட்டி ஒரு மூச்சு இழுத்தேன். பிறகு பாறையைக் கையால் பற்றிப் பற்றி இழுத்துக்கொண்டே போனேன். தோணி உள்ளே கூரைக்கும் தண்ணீருக்கும் நடுவே சிக்கி நொறுங்கிக் கிடந்தது. அதற்கு அடியில் நுழைந்தேன். அதில் அவள் இருப்பாள் என்று நினைத்துத்தான் தடவிப் பார்த்தேன். அதைப் பற்றி இதற்குமேல் எழுத முடியவில்லை.

அந்தப் பக்கம் எழுந்தபோது, பாறை விளிம்பில் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முட்டளவு தண்ணீர். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நீ எழுதியிருந்த சிரிப்பு.

"குரங்கு வந்துச்சுப்பா. ரெண்டு குட்டி."

"சரிம்மா. வேரை விடாதே."

"தோணி தானாப் போயிருச்சு. நான் ஒண்ணும் பண்ணலை."

"தோணி போகட்டும் விடு."

அவளைத் தூக்கிக்கொண்டு பொந்து வழியே திரும்பலாமா என்று யோசித்தேன். மூச்சடக்கத் தெரியாத குழந்தை. நடுவில் உதறினால் இருவரும் போய்விடுவோம். வெளியே போய் ஆள் கூட்டி வரவும் முடியாது. அந்த விளிம்பு முழுகப்போகிறது என்று பாறையில் இருந்த பாசிக்கோடு சொன்னது. அதனால் அவளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு நின்றேன். காலடியில் எல்லாம் சிப்பி. தண்ணீர் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது, மூன்று மணிக்குத் தாடையில் நின்றது. ஒரு கை உயரம் கூடுதலாக ஏறியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

"அப்பா, உங்களுக்கு உச்சியில வழுக்கை விழுது."

"அம்மாகிட்ட சொல்லாதே."

"இதையும் சொல்லாதீங்கப்பா. சொன்னா இனிமே என்னை அனுப்பவே மாட்டா."

"சொல்லித்தான் ஆகணும்."

"அப்ப நான் ஒண்ணுமே நடக்கலைன்னு சொல்லுவேன்."

என் தலைமயிரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "நீங்க ஏன்ப்பா எனக்கு ஒரு கடிதம்கூடப் போட்டதில்லை?"

லுவா, ஒவ்வொரு தெத் புத்தாண்டுக்கும் அவள் பெயருக்குத் தனி உறையில் எழுதினேன். ஒன்பது கடிதங்கள். ஒன்றும் திரும்பி வரவில்லை, அதனால் வந்து சேர்ந்தன என்றுதான் நினைத்தேன். ஒரு நிமிஷம் எனக்கு உன்மேல் வந்த கோபத்தில் கால் வழுக்கப் பார்த்தது. பிறகு, "மறந்துட்டேன்மா" என்றேன். தலைமயிரைப் பிடித்திருந்த அவள் கை சட்டென்று தளர்ந்தது. அந்தப் பொய்யை நான் உனக்காகச் சொன்னேன். அதை வைத்துக்கொள்வதோ திருத்துவதோ உன் பாடு.

ஐந்தரை மணிக்குப் பொந்து திறந்தது. வெளியே ஏழெட்டுப் படகுகள். லாம் சித்தப்பா அதற்குள் நாங்கள் செத்துப்போனதாக நினைத்து எங்கள் இருவருக்கும் ஊதுவத்தி ஏற்றிவிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அழுதுகொண்டே அறைந்தார். பாதத்தில் இருபத்தோரு தையல்; உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பயணிகளை அப்படியே விட்டுவிட்டுப் போனதற்காக முதலாளி படகை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். நியாயம்தான்.

ஐந்தாம் தேதி காங் வருகிறான். அவளுக்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று நாளைக் காலை பேருந்துக்காரரிடம் கொடுக்கிறேன். இனி அவளை நீ அனுப்பாவிட்டால் நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

தோவான்

நாம் தின்
19 ஜூலை 1999

தோவானுக்கு,

இரண்டு வாரம் பதில் எழுதாமல் இருந்தேன். எழுத உட்கார்ந்த நாளெல்லாம் கிழித்துப்போட்டேன். அவற்றில் என்ன இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அது அத்தனையும் உங்களுக்கு உரியதுதான். என் குழந்தை நின்ற இடத்தில் பாசிக்கோடு இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தறி முன்னால் நிற்கும்போது அந்த வரி ஞாபகம் வந்து இரண்டு தடவை நூல் அறுந்தது. மேற்பார்வையாளர் திட்டினார்.

மியென் வந்தாள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். "சூப்பரா இருந்துச்சும்மா, ஒண்ணுமே நடக்கலை" என்றாள். கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள். உங்கள் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. உங்களை அப்படியே உரித்து வைத்த மாதிரி பொய் சொல்கிறாள் என்று முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். குழந்தை என்னைப் பார்த்துப் பயந்துபோய் நின்றாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. நாலாம் நாள் கிணற்றடியில் துணி பிழியும்போது அவளே ஆரம்பித்தாள்.

"அப்பா எழுதிட்டாராம்மா?"

"ஆமா."

"எல்லாத்தையுமா?"

"வழுக்கை வரைக்கும்."

"அப்ப நீ ஏன் கத்தலை?"

ஈரத்துணியோடு அவளைக் கட்டிக்கொண்டேன். அப்புறம்தான் அவள் அழுதாள். அந்த ஐந்து மணி நேரத்துக்கும் சேர்த்து அழுதாள்.

அன்றைக்கே அவளிடம் சொல்லிவிட்டேன். உங்கள் முதல் கடிதம் வந்தபோது அவளுக்கு வயது மூன்று. வாசிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். என் வாயால் உங்கள் அன்பை அவளுக்குச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அடுத்த வருஷம் கொடுக்கலாம் என்று தள்ளினேன். அடுத்த வருஷம் கொடுத்தால் போன வருஷத்ததைப் பற்றிக் கேட்பாளே என்று தள்ளினேன். அப்படியே ஒன்பது ஆகிவிட்டது. பொய் சொன்ன மனிதரை விட்டு வந்தேன் என்று உலகத்துக்கெல்லாம் சொல்லிக்கொண்டு, இதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தேன். உங்கள் தோளில் இருந்தபோதும் அவள் உங்களைத்தான் குற்றம் சொன்னாள் என்பதை நினைத்தால் என் உடம்பு கூசுகிறது. மன்னித்துவிடுங்கள்.

இதனால் நான் ஹோன் காய்க்குத் திரும்பி வருவேன் என்று நினைக்க வேண்டாம். வர மாட்டேன். அடுத்த கோடையைப் பற்றியும் இப்போது கேட்காதீர்கள். கால் ஆறியதும் நீங்கள் இங்கே வாருங்கள். காங் வீட்டில் தங்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குப் பள்ளி இல்லை, எனக்கும் ஆலை இல்லை.

ஒன்பது கடிதங்களையும் அவளிடம் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து கொல்லைக் கதவருகில் உட்கார்ந்து வாசிக்கிறாள். நான் அந்தப் பக்கம் போனால் தாளை மடித்துக்கொள்கிறாள். என்னிடம் பேச்சு இல்லை. சோறு மட்டும் வாங்கிச் சாப்பிடுகிறாள். அது எனக்கு வர வேண்டியதுதான். இன்று காலை, "தபால்தலை எங்க இருக்கு?" என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். உங்களுக்கு எழுதுகிறாள் போலிருக்கிறது. என்ன எழுதுகிறாள் என்று எனக்குத் தெரியாது. உறையை அவளே ஒட்டட்டும் என்று பசையை மேசைமேல் வைத்துவிட்டு ஆலைக்குக் கிளம்புகிறேன்.

லுவா