பின்காற்று பன்னிரண்டு

3 மார்ச் 2024, ஞாயிறு. பாப்பாரப்பட்டி.

காலையிலிருந்து அண்ணன் வீட்டு வாசலில் புளி தட்டுகிறார்கள். அந்தச் சத்தத்தில்தான் படிக்க வேண்டும். நாற்பத்தோராயிரம் அடிக்கு மேல் ஏறக்கூடாது. இருபதாயிரத்துக்கு மேல் இறக்கையின் ஃப்ளாப்பை இறக்கக்கூடாது. இரண்டு இறக்கைகளிலும் இருக்கும் எரிபொருளுக்கு இடையே முந்நூற்றறுபது கிலோவுக்கு மேல் வித்தியாசம் கூடாது. ஐம்பத்தொரு வயதில், இருபது வருடம் விமானம் ஓட்டியவன், பொதுத்தேர்வுக்குப் போகும் பையனைப் போல முணுமுணுத்துக்கொண்டு நடக்கிறேன்.

பெங்களூரில் ஒரு சிறிய நிறுவனம் கூப்பிட்டிருக்கிறது. எண்பது பேர் உட்காரும் ஜெட். நான் ஓட்டியதைவிடப் புதிய ரகம். அதன் வரம்புகளை எதையும் பார்க்காமல் சொல்ல வேண்டும். ஒன்று தவறினாலும், தரையிலேயே பறந்து காட்டும் சிமுலேட்டர் பக்கம் விடமாட்டார்கள். நான்கு வருடத்தில் வந்த ஒரே அழைப்பு. இதுவும் போனால் இனி எவன் கூப்பிடப்போகிறான்?

5 மார்ச்

தலைவலி. படிக்கவில்லை.

9 மார்ச், சனி

மனைவி சுகுணாவுக்குப் பள்ளிக்கூடம் லீவு. கணக்கு டீச்சர் அல்லவா, பிரம்பு இல்லாத குறைதான். முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே செல்போனைப் பார்த்துக் கேள்வி கேட்டாள்.

“வைப்பர் எவ்வளவு ஸ்பீடு வரைக்கும் போடலாமுங்க?”

“இருநூற்றைம்பது.”

“சரி. எறங்கறப்ப பின்காத்து?”

“பத்து.”

“பதினஞ்சுன்னு இருக்குதுங்க.”

“தெரியும். பழைய வண்டிக்குப் பத்து. வாய் தவறிவிட்டது.”

“நேத்தும் அதேதான் தவறுச்சு” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, கீரையைப் பார்த்தபடியே, “ப்ளேனுக்கெல்லாம் லிமிட் எழுதி வெச்சிருக்காங்க. உங்க கோவத்துக்கு ஒருத்தரும் எழுதலியே” என்றாள்.

எழுந்து வெளியே போய்விட்டேன். கோபமாம். அந்தப் பத்துக்காகத்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாதா?

விமானம் எதிர்க்காற்றில் இறங்க வேண்டும். காற்று முன்னாலிருந்து அடித்தால் சீக்கிரம் நிற்கும். பின்னாலிருந்து தள்ளினால் ஓடுபாதையைத் தின்றுகொண்டே போகும். பழைய ஜெட்டுக்குப் பின்காற்று பத்து நாட்ஸ்தான் வரம்பு. நான்கு வருடத்துக்கு முன், அன்று விமான நிலைய டவர் சொன்னது பன்னிரண்டு. குட்டையான ஓடுபாதை, ஈரம் வேறு. நான் இறங்கவில்லை. சென்னைக்குத் திருப்பினேன். உள்ளே முதலாளியின் விருந்தாளிகள் ஒரு கூட்டமே இருந்ததாம். இருந்தால்? விருந்தாளி ஏறினால் ஓடுபாதை நீளுமா?

விசாரணை வைத்தார்கள். பக்கத்து இருக்கையில் துணை விமானியாக இருந்தவன் உபைத். தர்மபுரி டவுனில் டயர் கடை வைத்திருந்தவர் மகன். எங்கள் மாவட்டத்துப் பையன் என்று அத்தனை பேரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவனிடம் கேட்டார்கள், காற்று எவ்வளவு என்று. “ஞாபகம் இல்லைங்க சார்” என்றான். டவரின் பதிவைக் கேட்க ஒருவரும் மெனக்கெடவில்லை. என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

ஞாபகம் இல்லை. நான்கு வருடமாகக் காதில் அதுதான்.

12 மார்ச், செவ்வாய்

அண்ணன் வீரமணி புளி மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். அச்சு முறியும்போல வண்டி தாழ்ந்து நின்றது. அதிகம் ஏற்றாதீர்கள் என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

“ஏன்டா, ரெண்டு மூட்ட கூடுனா வண்டி நவுராதா? ரெண்டுக்குக் கணக்குப் பாத்து வேலையப் போக்கிக்கிட்டவன் நீ. எனக்குச் சொல்ல வந்துட்டான்!”

வேன் டிரைவர் அன்பு சிரித்தான். “கேப்டனுக்கு ஆகாசத்துலயும் செக்போஸ்ட் இருந்துச்சு போலங்க” என்றான்.

வேன் பத்திரமாகத் தர்மபுரி போய்ச் சேர்ந்தது. அதுதான் எரிச்சல். வரம்பை மீறுகிறவனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. நானும் அன்று இறங்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதோ? தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வழியே கிடையாது.

14 மார்ச்

மெயில் வந்தது. திங்கட்கிழமை தேர்வு. கேட்கப்போகிறவர் பெயர் கீழே. கேப்டன் உபைத்.

சுகுணா மெயிலைப் படித்துவிட்டு, “போவீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

18 மார்ச், திங்கள். பெங்களூர்.

போச்சு.

எழுதிவிடுகிறேன். சின்ன அறை. உபைத்துக்குக் காதோரம் நரைத்திருக்கிறது. நோன்பு மாதம், மேசையில் ஒரே ஒரு தண்ணீர் பாட்டில், அது எனக்கு. “வாங்க கேப்டன்” என்றான். முன்பெல்லாம் அண்ணா என்பான். கைகொடுத்தான். கொடுத்தேன்.

உயரம் கேட்டான், சொன்னேன். வேகம், எரிபொருள், எஞ்சின் வெப்பம், எல்லாம் மளமளவென்று வந்தது. எனக்கே சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு, தாளைப் பார்த்தபடி, “இறங்கும்போது பின்காற்று?”

“பத்து.”

அவன் நிமிர்ந்தான். “இன்னொரு தடவை யோசிச்சுச் சொல்லுங்க, கேப்டன்.”

பதினைந்து. எனக்குத் தெரியும். சுகுணா கீரையோடு சேர்த்து அரைத்து ஊட்டியிருக்கிறாள். முதல் தடவை வாய் தவறியதுதான், சத்தியமாக. ஆனால் இரண்டாவது தடவை? அவன் முகத்தைப் பார்த்தேன். இவன் எனக்கு வாய்ப்புக் கொடுக்கிறானாம். இவன்!

“பத்து” என்றேன். “எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. உங்களுக்குத்தான் இருக்காது.”

அவன் எழுதிக்கொண்டான். மற்றக் கேள்விகளையும் கேட்டு முடித்தான். எல்லாம் சரி. ஒன்று தவறு, அதனால் தேறவில்லை, ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை மறுபடி வரலாம் என்றான். குரல் மாறவேயில்லை.

லிஃப்ட் வரை பின்னாலேயே வந்தான்.

“ஞாபகம் இருந்துச்சுங்கண்ணா. பன்னெண்டு. அப்பதான் வூட்டுக்கு லோன் போட்டிருந்தேன், சம்சாரம் சமரீன் வேற மாசமா இருந்தா. வேலை போயிருமோன்னு வாய் வரல.”

எத்தனை வருடம் காத்திருந்த வாக்கியம். கேட்டதும் ஒன்றும் ஆகவில்லை. உள்ளே ஒரு மணியோசை கூடக் கேட்கவில்லை. லிஃப்ட் வந்தது. ஏறிவிட்டேன்.

19 மார்ச்

ரயிலில் வந்தேன். நடந்ததைச் சுகுணாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“அந்தப் பத்து உங்க பழைய வண்டியோடது. அந்த வண்டியே இப்ப யாருகிட்ட இருக்குதோ. நீங்க எதுக்குங்க அதை இன்னும் ஓட்டிக்கிட்டிருக்கீங்க?”

பிறகு சாப்பாடு போட்டாள்.

20 மார்ச்

நாள் முழுக்க யோசித்தேன். அன்று நான் செய்தது சரி. இன்னும் அதைத்தான் சொல்வேன். பத்து என்றால் பத்து. ஆனால் அது அந்த விமானத்தின் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் போட்ட எண். நான் அதை என் நெற்றியில் எழுதிக்கொண்டுவிட்டேன். இந்த விமானத்தில் யாராவது பன்னிரண்டில் இறங்க மறுத்தால் அவன் தேறவில்லை என்று நானே எழுதியிருப்பேன்.

உபைத்தை மன்னித்துவிட்டேன் என்று எழுத முடியவில்லை. எழுதவில்லை.

25 மார்ச், திங்கள். பெங்களூர்.

பதினைந்து என்று சொன்னேன். வாய் கசந்தது. அவன் “சரி” என்று அடுத்த கேள்விக்குப் போனான்.

2 ஏப்ரல்

சிமுலேட்டரும் முடிந்தது. எடுத்துக்கொள்கிறார்களாம். ஆனால் நான்கு வருடம் பறக்காதவனுக்குக் கேப்டனின் இடது இருக்கை கிடையாது. வலது பக்கம், துணை விமானியாக. உபைத் இடது பக்கம் உட்காருவான், நான் அவனுக்குப் பக்கத்தில்! முடியாது என்று சொல்லிவிடலாமா என்று சுகுணாவிடம் கேட்டேன்.

“எந்தப் பக்கமா இருந்தா என்னங்க, ரெண்டும் முன்னாடி சீட்டுதானே.”

அண்ணன், “கண்டக்டரு வேலையாடா?” என்றார். ஆனால் பஸ் ஸ்டாண்டு வரை அவரே பைக்கில் பெட்டியைக் கொண்டுவந்து விட்டார்.

2 ஜூலை, செவ்வாய்

எழுதி நாளாகிவிட்டது. களைப்பு. நான்கு தரையிறக்கம் இன்று, கடைசி ஊரில் தங்கல்.

இடது பக்கம் உபைத். வேலைக்கு வேண்டியதைப் பேசிக்கொள்கிறோம், அதற்கு மேல் இல்லை. கடைசித் தரையிறக்கம் என் கையில். மேகத்தை விட்டு வெளியே வந்து ஓடுபாதை தெரிந்தபோது டவர் காற்றைச் சொன்னது. பின்காற்று பன்னிரண்டு.

உபைத் ரேடியோவில் திருப்பிச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான். முடிவு அவனுடையது. ஆனாலும், “நீங்க சொல்லுங்கண்ணா” என்றான்.

நீளமான ஓடுபாதை. காய்ந்திருந்தது. கை ஒரு கணம் எஞ்சின் விசையைக் கூட்டும் த்ரஸ்ட் லீவரை இறுக்கிப் பிடித்தது, மறுபடி மேலே போய்விடலாம் என்பதுபோல. கை பழைய கை.

“பதினஞ்சு வரைக்கும் போலாம். எறங்கறேன்” என்றேன்.

வழக்கத்தைவிடக் கொஞ்சம் தள்ளித்தான் நின்றது. பயணிகள் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

ஓட்டல் வேனுக்கு நடக்கும்போது கேட்டேன்: “காத்து எவ்வளவு, உபைத்?”

நின்றான். நான் கிண்டலாகக் கேட்கிறேனா என்று முகத்தைப் பார்த்தான். எனக்கே தெரியவில்லை.

“பன்னெண்டுங்கண்ணா.”

“ஆமாம்” என்றேன். அவன் பெட்டியையும் வாங்கி வேனில் வைத்தேன்.